அச்சில் ஏறாத ஈரம்

வாசகியின் கடிதம்:

ஐந்து மாதமாக நீர்வண்ண ஓவியம் பழகி வருகிறேன். ஆசிரியர் யாரும் இல்லை, ஒரு புத்தகம்தான் துணை. ஒவ்வோர் உத்தியையும் படிப்படியாகப் படம் போட்டு விளக்கும் கெட்டியான கையேடு. அதிலுள்ள 63 பயிற்சிகளில் 41 முடித்துவிட்டேன். எதுவும் புத்தகத்தில் இருப்பதுபோல் வரவில்லை. வானம் தீட்டினால் நடுவே காலிஃபிளவர் பூத்தது மாதிரித் திட்டுகள் விழுகின்றன. பச்சையெல்லாம் சேறாகிவிடுகிறது. நிறத்தைப் புத்தகப் படத்தின் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டுத்தான் கலக்கிறேன், அப்படியும் பொருந்துவதில்லை. சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள தாள் கொண்ட ஸ்கெட்ச் நோட்டு, 4-ஆம் எண் பிரஷ், 12 டியூப் கொண்ட வண்ணப் பெட்டி வைத்திருக்கிறேன். வேலை முடிந்து இரவில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வரைகிறேன். புத்தகம் சரியில்லையா? வேறு வாங்கலாமா? வகுப்பில் சேரவேண்டுமா? இல்லை, இது எனக்குக் கைவராத கலையா? நான் தீட்டிய மூன்று படங்களைப் புகைப்படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. நீங்கள் அனுப்பிய மூன்றாவது புகைப்படத்தில், படத்துக்கு வெளியே, நிறம் பார்ப்பதற்காக வைத்திருந்த ஒரு துண்டுத்தாள் தெரிகிறது. அதில் நீலம் ஒன்று மேலே அடர்த்தியாகத் தொடங்கி, கீழே வரவர மெலிந்து, தாளின் வெள்ளையில் கரைந்துபோகிறது. ஒரு திட்டு இல்லை, ஒரு கோடு இல்லை. உங்கள் புத்தகத்தின் முதல் அத்தியாயம் கேட்கும் வாஷ், அதாவது தண்ணீர் கலந்த மெல்லிய நிறப்பூச்சு, அதுதான். ஒரே இழுப்பில் போட்டுவிட்டு, அதன்மேல் மறுபடி கை வைக்காமல் விட்டிருக்கிறீர்கள். கை இருக்கிறது. படத்துக்குள் வந்ததும் அந்தக் கையை எது தடுக்கிறது என்று பார்ப்போம்.

புத்தகத்தின் மேலும் எனக்குக் குறை இல்லை. நானும் புத்தகத்தை வைத்துத்தான் தொடங்கினேன். நூலகத்தில் எடுத்த ஒரே புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதும் மறுபடி எடுப்பதுமாக இரண்டு வருடம் ஓட்டினேன். அப்போது எனக்கு விளங்காமல் இருந்த ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நீர்வண்ணத்தின் முக்கால் பங்கு வேலையைச் செய்வது தண்ணீரும் நேரமும். இரண்டையும் அச்சில் ஏற்ற முடியாது. ஈரத்தாளில் நிறம் பரவும் கணம் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். புத்தகத்தில் நாம் பார்ப்பது அது காய்ந்த பிறகு எஞ்சிய தடம். மூன்றாம் படத்துக்கும் நான்காம் படத்துக்கும் நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளியில் ஆசிரியர் பத்து நிமிடம் காத்திருந்திருப்பார், அல்லது பத்து விநாடிகூடத் தாமதிக்காமல் அடுத்த நிறத்தை இறக்கியிருப்பார். பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆகவே இன்று பிரஷ்ஷை எடுக்காதீர்கள். ஒரு பென்சிலுடன் புத்தகத்தைத் திறந்து, 'சற்று உலர்ந்ததும்', 'கொஞ்சம் தண்ணீர் சேர்த்து', 'ஈரம் அதிகமாகாமல்', 'சரியான பதத்தில்' என்று வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். ஆசிரியர் பல வருடம் பழகிச் சேர்த்த கைப்பழக்கம் முழுவதும் அந்தச் சொற்களுக்குள் மடிந்து கிடக்கிறது. அவருக்கு அது தெளிவான அளவு. உங்களுக்கு இன்னும் அளவாகவில்லை. ஒவ்வோர் அடிக்கோடும் நீங்கள் தனியாகச் செய்து பார்க்கவேண்டிய ஒரு சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். 63 பயிற்சியையும் முடிப்பதைவிட இப்படி ஆறு சோதனை செய்வது உங்களை வெகுதூரம் கொண்டுபோகும்.

இனி அந்தக் காலிஃபிளவர். தாளில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தைவிட அதிக ஈரத்துடன் பிரஷ் வந்து தொட்டால் அது பூக்கும். புதிதாக வந்த தண்ணீர் பக்கத்தில் உலர்ந்துகொண்டிருக்கும் பகுதிக்குள் தள்ளிக்கொண்டு போகிறது. போகும்போது அங்கே பாதி படிந்திருந்த நிறமித் துகள்களையும் முன்னால் நெட்டிக்கொண்டே போய், தான் நிற்கும் இடத்தில் அவற்றை வரிசையாக விட்டுவிடுகிறது. அந்தப் பல்பல்லான விளிம்புதான் நீங்கள் பார்ப்பது. இதற்கு உறவான ஒன்றை நீங்கள் மேசையில் பார்த்திருப்பீர்கள். சிந்திய காபித் துளி காய்ந்தால் நடுப்பகுதி வெளிறி, விளிம்பு கறுத்திருக்கும். இயற்பியலாளர்கள் 1997-இல் அதன் காரணத்தை விளக்கினார்கள். துளியின் விளிம்பு பரப்பைப் பற்றிக்கொண்டு நகராமல் நிற்கிறது, அங்கே ஆவியாகும் நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடிவருகிறது, வரும்போது துகள்களையும் இழுத்துவந்து சேர்க்கிறது. உலர்ந்த தாளில் போட்ட வண்ணத்துக்கு ஒரு கருமையான ஓரம் கிடைப்பதும் இதனால்தான். தண்ணீர் எப்போதும் ஈரம் குறைந்த பக்கம் ஓடும், நிறத்தையும் கூட்டிக்கொண்டு ஓடும். இது மனதில் பதிந்துவிட்டால் புத்தகத்தின் பாதி எச்சரிக்கைகளை நீங்களே ஊகித்துவிடலாம்.

வானம் காய்ந்துகொண்டிருக்கும்போது ஒரு மூலை வெளிறிப்போனதாகத் தோன்றியிருக்கும். சரிசெய்யலாம் என்று பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கித் தொட்டிருப்பீர்கள். உங்கள் முதல் படத்தில் வலப்பக்கம் இருக்கும் மூன்று திட்டுகளும் அப்படி வந்தவைதான்.

தாளின் ஈரத்தைக் கண்ணால் படிக்கப் பழகுங்கள். தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, விளக்கின் ஒளி அதில் சாய்ந்து விழும்படி பார்க்கவேண்டும். முதலில் தண்ணீர் தேங்கிக் கண்ணாடிபோல் பளபளக்கும், சாய்த்தால் ஓடும். இப்போது நிறம் வைத்தால் அது எங்கே போகும் என்று உங்களால் சொல்ல முடியாது. அடுத்து பளபளப்பு மெல்ல அடங்கி, பட்டுத்துணியின் மினுக்கமாக மாறும், தாளின் சொரசொரப்பு அதன் வழியே தெரியத் தொடங்கும். ஈரத்தின்மேல் ஈரம் என்று புத்தகம் சொல்லும் உத்திக்கு ஏற்ற பதம் இதுதான், மேகங்களின் மென்மையான ஓரம் இங்கேதான் கிடைக்கும். பிறகு மினுக்கம் முற்றிலும் போய்விடும், பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும். ஆனால் புறங்கையை வைத்தால் சில்லென்றிருக்கும், ஏனென்றால் உள்ளே இருக்கும் நீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. காலிஃபிளவர் பூப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அந்தச் சில்லிப்பும் போன பிறகே தாள் காய்ந்தது என்று பொருள். மேற்பூச்சு, அதாவது கிளேஸ், அதற்குப் பிறகுதான் போடவேண்டும். அவசரப்பட்டால் அடியில் இருக்கும் நிறம் கலைந்து மேலே வரும், நீங்கள் சேறு என்று எழுதியிருப்பதில் ஒரு பங்கு இது.

இதை ஒரு சோதனையாகவே செய்யலாம். தாள் முழுவதையும் சீராக நனையுங்கள். கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்துக்கு ஒன்றாக, இரண்டு விரல் இடைவெளி விட்டு, ஒரே கலவையால் ஒரு தீற்றல் வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் நிமிடத்தை எழுதுங்கள், அப்போது தாள் எப்படி மின்னியது என்பதையும் இரண்டு சொல்லில் குறியுங்கள். எட்டு நிமிடம் போதும். மறுநாள் அதே சோதனையைக் கெட்டியான கலவையால் செய்யுங்கள். தண்ணீர்போல் இருக்கும் கலவை ஓடிப் பரவும், பால் பதத்தில் சற்று நிதானிக்கும், வெண்ணெய் பதத்தில் வைத்த இடத்திலேயே நிற்கும். தாளின் மினுக்கம் போன மூன்றாம் கட்டத்தில், தண்ணீர் குறைந்த கெட்டி வண்ணம் திட்டாகாமல் அழகான பாதி மென்மையான ஓரத்தைத் தரும். தூரத்து மரங்களுக்கு நான் இதைத்தான் நம்பியிருக்கிறேன். பிரஷ்ஷில் இருக்கும் ஈரம் தாளில் இருக்கும் ஈரத்தைவிடக் குறைவாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். தண்ணீரில் முக்கிய பிரஷ்ஷைப் பழந்துணியில் ஒருமுறை ஒற்றிவிட்டு நிறத்தைத் தொடும் பழக்கம் வந்துவிட்டாலே திட்டுகள் பாதி குறைந்துவிடும்.

இந்தச் சோதனைத் தாளைப் புத்தகத்தின் அந்தப் பக்கத்திலேயே செருகி வையுங்கள். ஆசிரியர் 'சற்று உலர்ந்ததும்' என்று எழுதியது அவருடைய அறையின் காற்றை வைத்து. உங்கள் அறையில் அது மூன்றாம் நிமிடமா, ஆறாம் நிமிடமா என்பதை உங்கள் தாள்தான் சொல்லும். மின்விசிறியைத் தயவுசெய்து நிறுத்துங்கள். சுழலும் காற்று தாளின் ஒரு பக்கத்தை முன்னதாகவே உலர்த்திவிடும், நடுவில் இன்னும் குளம் நிற்கும், அந்த வேறுபாடே திட்டுகளுக்கு விதை. கடைசித் தீற்றலை வைத்துவிட்டு எழுந்த பிறகு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

தாளைப் பற்றி நான் கண்டிப்பாகப் பேசுவேன். 150 கிராம் ஸ்கெட்ச் நோட்டு பென்சிலுக்கானது. அதில் நனைத்து வரைந்தால் தாள் அலையலையாக நெளியும், பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், மேட்டில் காயும். நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் சீரான வாஷ் அங்கே வராது. கையேட்டில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் 300 கிராம் பருத்தித் தாளில் தீட்டியவையாக இருக்கும். முதல் சில பக்கங்களில் ஆசிரியர் எந்தத் தாள் என்று எழுதியிருப்பார், அதை நாம் எல்லோரும் தாண்டிப்போய்விடுகிறோம். பருத்தித் தாளில் ஜெலட்டின் போன்ற பசை ஊட்டியிருப்பார்கள், அதனால் தண்ணீர் உடனே உறிஞ்சப்படாமல் மேற்பரப்பில் கொஞ்ச நேரம் நிற்கும், உங்களுக்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கும். மேற்பூச்சு போட்டாலும் அடியில் இருப்பது எளிதில் கலையாது.

விலை அதிகம் என்று தயங்கினால் பெரிய தாளாக வாங்கி வெட்டிக்கொள்ளுங்கள். 56-க்கு 76 சென்டிமீட்டர் முழுத்தாளை அகலத்தில் நான்காகவும் நீளத்தில் நான்காகவும் வெட்டினால் 14-க்கு 19 சென்டிமீட்டரில் 16 துண்டுகள். இரண்டு பக்கமும் தீட்டலாம், ஆக 32 பயிற்சி. வண்ணத்தில் மிச்சம் பிடியுங்கள், பிரஷ்ஷில் மிச்சம் பிடியுங்கள். தாளில் மட்டும் வேண்டாம்.

நிறத்தைப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தப் படம் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் புள்ளிகளால் அச்சானது. அல்ட்ராமரின் நீலத்தின் ஆழமான ஊதாச் சாயல் அந்த நான்கு மைக்குள் அடங்குவதில்லை, சற்று மங்கித்தான் விழும். நீங்கள் நல்ல அல்ட்ராமரினைக் கலந்துவிட்டு, பக்கத்தில் இருப்பதுபோல் இல்லையே என்று அதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தவிர, ஈரமாக இருக்கும்போது பார்த்த நிறம் காய்ந்ததும் வெளிறும். ஒப்பிடுவதானால், துண்டுத்தாளில் தீட்டிக் காயவிட்டு, நிறத்தின் அடர்த்தியை மட்டும் ஒப்பிடுங்கள். எது கருமை, எது வெளிச்சம் என்ற உறவு சரியாக இருந்தால் நிறம் கொஞ்சம் விலகினாலும் படம் நிற்கும்.

அளவும் ஏமாற்றும். ஓவியத்தின் கீழே சிறிய எழுத்தில் அதன் அளவைப் போட்டிருப்பார்கள், ஒருமுறை பாருங்கள். 50 சென்டிமீட்டர் அகலத்தில் தீட்டியதைப் புத்தகத்தில் 15 சென்டிமீட்டராகச் சுருக்கியிருப்பார்கள். சுருங்கும்போது ஓரங்கள் கூர்மையாகும், தாராளமாக வீசிய தீற்றல் நுணுக்கமான வேலைப்பாடுபோல் தெரியும். அதைப் பார்த்துத்தான் 4-ஆம் எண் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு இலை இலையாக உட்காருகிறோம். அவர் அந்த மரத்தைப் பெரிய பிரஷ்ஷால் ஐந்தாறு தொடுதலில் முடித்திருப்பார். நல்ல முனையுள்ள 10 அல்லது 12-ஆம் எண் உருண்டைப் பிரஷ் ஒன்று வாங்குங்கள். செயற்கை இழையே போதும். அதன் வயிறு நிறையத் தண்ணீர் பிடிக்கும், முனை மெல்லிய கோடும் போடும். வானத்துக்குச் சிறிய பிரஷ் எடுத்தால் இரண்டாவது வரி போடுவதற்குள் முதல் வரி காய்ந்துவிடும்.

வானத்துக்கு இன்னொன்றும் உண்டு. தேவை என்று நினைப்பதைப்போல் இரண்டு மடங்கு கலவையை முன்கூட்டியே கலந்து வையுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கப் போனால் அந்த இடத்தில் ஒரு பட்டை நிச்சயம். தாளை வைத்திருக்கும் பலகையின் தலைப்பக்கத்தை ஒரு புத்தக உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். ஒவ்வொரு வரியின் கீழ் ஓரத்திலும் வண்ணம் ஒரு நீர்மணிக் கோடாகத் திரண்டு நிற்கும், அதைத் தொட்டு அடுத்த வரியை இழுங்கள். கடைசியில் தங்கும் மணியைப் பிழிந்த பிரஷ்ஷால் ஒற்றி எடுங்கள், இல்லையென்றால் அது திரும்ப மேலே ஏறிப் பூக்கும். பிறகு எழுந்து போய்விடுங்கள்.

பச்சை சேறாவதற்கு வேறு காரணம் உண்டு. உங்கள் பெட்டியில் இருக்கும் சேப் கிரீன் போன்ற பச்சைகள் பெரும்பாலும் இரண்டு நிறமிகள் சேர்ந்த கலவைகள். அதில் ஒரு பழுப்பு, ஒரு நீலம் சேர்த்தால் நான்கு நிறமி ஆகிவிடும், அதற்குமேல் அது எந்த நிறமாகவும் இருக்காது. டியூப்பின் பின்பக்கம் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பி.பி. 29 (PB 29) என்றால் அல்ட்ராமரின், பி.பி. 15 (PB 15) என்றால் தாலோ நீலம். பெயரை நம்பாமல் இந்தக் குறியீட்டைப் படியுங்கள், ஒரே பெயரில் வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு நிறமி வைக்கின்றன. குறியீடு ஒன்றே ஒன்று இருந்தால் தனி நிறமி, கலக்க நம்பகமானது. ஒரு மாதத்துக்கு அல்ட்ராமரின், ஒரு குளிர்ந்த மஞ்சள் (எலுமிச்சைச் சாயல் உள்ளது), பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு மூன்றை மட்டும் வெளியில் வையுங்கள். நீலமும் மஞ்சளும் சேர்ந்த பச்சை பளீரென்று இருந்தால் பர்ன்ட் சியன்னாவைப் பிரஷ் நுனியால் தொட்டு அடக்குங்கள். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் வரும் சாம்பல்கள் மட்டுமே ஒரு முழுப் படத்துக்குப் போதும். வெள்ளை டியூப்பைப் பெட்டியிலேயே விடுங்கள், இப்போதைக்குத் தாள்தான் வெள்ளை.

நிறமியின் குணம் தெரியாமல் புத்தகத்தின் சில பக்கங்கள் வேலை செய்யவே செய்யாது. காய்ந்த நிறத்தை நனைத்து ஒற்றி எடுத்து மேகம் உண்டாக்கும் பயிற்சி உங்களுக்கு வரவில்லை என்று இரண்டாவது புகைப்படத்தின் கீழ் குறித்திருக்கிறீர்கள். நிறத்தைப் பார்த்தால் தாலோ நீலம் என்று தோன்றுகிறது. அது தாளின் இழைக்குள் கறையாக இறங்கிவிடும், யார் ஒற்றினாலும் முழுதாக வராது. அல்ட்ராமரின் துகள்கள் பெரியவை, தாளின் குழிகளில் உட்கார்ந்திருக்கும், நனைத்தால் கணிசமாக எழுந்து வந்துவிடும். அந்தப் பயிற்சியை அதில் ஒருமுறை செய்து பாருங்கள்.

உங்கள் புத்தகம் பழைய பதிப்பாக இருந்தால் அலிசரின் கிரிம்சனைப் பரிந்துரைத்திருக்கலாம். பி.ஆர். 83 (PR 83) என்ற அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் மங்கிப்போகும். நீர்வண்ணங்கள் வெளிச்சத்தில் என்னாகின்றன என்று பிரிட்டனில் ரஸ்ஸல், அப்னி இருவரும் சோதித்து 1888-இலேயே அறிக்கை தந்துவிட்டார்கள். பயிற்சிக்குக் கவலை இல்லை. சுவரில் மாட்டப்போகும் படத்துக்குப் பி.வி. 19 (PV 19) குறியீடுள்ள குவினாக்ரிடோன் ரோஜாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்புத் தூவுவது, பிளாஸ்டிக் தாளை அழுத்துவது போன்ற பக்கங்களை இந்த வருடம் தாண்டிவிடுங்கள். அவை பார்க்க ஆசையாக இருக்கும், தாளின் ஈரத்தைப் படிக்கத் தெரியாதவரை குருட்டாம்போக்கில்தான் வரும். தாளின் வெள்ளையைக் காக்கப் பூசும் மாஸ்கிங் திரவம் வேண்டுமென்றால், பிரஷ்ஷை முதலில் சோப்பு நீரில் முக்கிவிட்டுத் தொடுங்கள், படத்தில் நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள்.

வேறு புத்தகம் வேண்டாம். இன்னொரு ஆசிரியரின் 'சற்று', இன்னொரு ஆசிரியரின் 'கொஞ்சம்' வந்து குழப்பும். வகுப்பைப் பொறுத்தவரை, நீண்ட நாள் வகுப்பு இப்போது அவசியமில்லை. ஆனால் நன்றாகத் தீட்டுகிற ஒருவர் பக்கத்தில் ஒரு பகல் உட்கார்ந்து, அவர் தீட்டுவதைவிட அவர் காத்திருப்பதைப் பாருங்கள். எப்போது பிரஷ்ஷை ஒற்றுகிறார், எப்போது தாளைச் சாய்த்துப் பார்க்கிறார், எப்போது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறார் என்று பாருங்கள். முடிந்தால் அசல் நீர்வண்ண ஓவியம் ஒன்றையும் அருகில் நின்று பாருங்கள்.

பார்த்து வரைவதில் சங்கடப்பட வேண்டாம். 1790-களில் லண்டனில் டாக்டர் தாமஸ் மன்ரோ என்பவரின் வீட்டில் மாலை நேரங்களில் இரண்டு இளைஞர்கள் ஜான் ராபர்ட் கஸன்ஸ் என்ற ஓவியரின் படங்களை நகலெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தாமஸ் கிர்ட்டின், அவர் கோடுகளை வரைவார். மற்றவர் டர்னர், அவர் வாஷ் போடுவார். இருவருமே 1775-இல் பிறந்தவர்கள், அப்போது இருபதையொட்டிய வயது. நீர்வண்ணத்தின் போக்கையே மாற்றியவர்கள் நகலெடுத்துத்தான் பழகினார்கள். அவர்களுக்குக் கிடைத்த வசதி, முன்னால் இருந்தது கையால் வரைந்த தாள். அதில் எந்தப் பூச்சு முதலில், எது அதன்மேல் என்று உற்றுப் பார்த்தால் படிக்கலாம். உங்களிடம் இருப்பது அச்சு, ஆகவே பாதியை நீங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

41 பயிற்சி முடிந்த இடத்திலிருந்து தொடராதீர்கள். வானம் வரும் பயிற்சிக்குத் திரும்பிப்போய் அந்த ஒரு பக்கத்தோடு மூன்று வாரம் இருங்கள். ஒரு இரவுக்கு ஒரு துண்டு போதும், வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள், அதற்கு இருபது நிமிடத்துக்குமேல் ஆகாது. 16 துண்டும் தீர்ந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். முடித்த படம் எதுவும் அனுப்பவேண்டாம். 16 வானங்களையும் வரிசையாக வைத்து, ஓரத்தில் நிமிடம் எழுதியிருப்பது தெரியும்படி ஒரே புகைப்படமாக எடுத்து அனுப்புங்கள். கெட்டுப்போனவற்றையும் சேர்த்து வையுங்கள், அவற்றில்தான் எனக்கு உங்களிடம் சொல்ல நிறைய இருக்கும். அந்த நீல வாஷ் போட்ட துண்டுத்தாளைத் தூக்கி எறிந்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் செருகி வையுங்கள்.